என் பெயரில் ஆப்ஷன் விற்றது யார்? தரகு நிறுவனத்துக்கு ஒரு புகார்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
மயிலாடுதுறை.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
பங்குத் தரகுப் பிரிவு, தலைமை அலுவலகம், மும்பை.

நாள்: 25.11.2024

பொருள்: நான் சொல்லாமல் நடந்த ஆப்ஷன் வர்த்தகம், ₹4,80,000 நட்டம் – தங்கள் பதிலை ஏற்க இயலாமை குறித்து.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். என் புகாருக்கு நீங்கள் அனுப்பிய பதில் கிடைத்தது. "கணித ஆசிரியராகப் பணியாற்றிய தங்களுக்கு இவ்வர்த்தகத்தின் தன்மை தெரிந்திருக்கும்" என்று அதில் ஒரு வரி. சந்தைக் குறியீடான நிஃப்டி ஓர் அளவுக்குக் கீழே சரிந்தால் அந்த இழப்பை நான் தருகிறேன் என்று, சிறு தொகை வாங்கிக்கொண்டு ஏற்பதுதான் 'புட் ஆப்ஷன்' விற்பது. பத்தாம் வகுப்புக்கு நிகழ்தகவு நடத்தியவனுக்கு நிஃப்டி புட் ஆப்ஷன் விற்கத் தெரியும் என்றால், எங்கள் பள்ளி வேதியியல் ஆசிரியர் சிவகாசியில் பட்டாசு ஆலையே நடத்தலாம்.

பணிக்கொடையும் கம்யூட்டேஷன் தொகையும் வங்கியில் ஏறிய கையோடு உங்கள் ரிலேஷன்ஷிப் மேனேஜர் வீடு தேடி வந்தார். மியூச்சுவல் ஃபண்டில் போடச் சொன்னார். அதில் எனக்குக் குறையில்லை. பிறகு, "ஃபண்டு சும்மாதானே சார் கிடக்கு, ப்ளெட்ஜ் பண்ணா மாசாமாசம் வருமானம் வரும், ஃபண்டை யாரும் தொட மாட்டாங்க" என்றார். அடகுக்கு ஓ.டி.பி. வந்தது, சொன்னேன். அது அடகுக்கு வந்த ஓ.டி.பி.; ஆர்டருக்கு வந்தது அல்ல.

2024 ஜூன் 3, வாக்கு எண்ணிக்கைக்கு முந்தைய நாள். எக்ஸிட் போலை நம்பிச் சந்தை 3 சதவீதத்துக்கு மேல் ஏறி, நிஃப்டி 23,263-ஐத் தொட்டு முடிந்தது. அன்று என் கணக்கில் 22,500 அளவுக்கான புட் 20 லாட் (ஒரு லாட் அப்போது 25 யூனிட்), அதாவது 500 யூனிட், தலா ₹100-க்கு விற்கப்பட்டிருக்கிறது. வரவு ₹50,000. மறுநாள் நிஃப்டி 1,379 புள்ளி சரிந்தது. மார்ஜின், அதாவது ஈடாக இருக்க வேண்டிய தொகை, போதவில்லை என்று உங்கள் ரிஸ்க் பிரிவே அந்தப் புட்டை ₹1,060-க்குத் திரும்ப வாங்கிக் கணக்கை முடித்தது. செலவு ₹5,30,000. யாரும் தொட மாட்டார்கள் என்ற ஃபண்டை விற்றுத்தான் அந்தப் பள்ளத்தை நிரப்பினீர்கள். நடந்த வர்த்தகத்தைக் காட்டும் கான்ட்ராக்ட் நோட்டைப் பார்த்த பிறகே என் பெயரில் ஆப்ஷன் விற்கப்பட்டது எனக்குத் தெரியும்.

நீங்கள் அனுப்பிய எஃப் அண்ட் ஓ (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் எனும் டெரிவேட்டிவ் வர்த்தகம்) விண்ணப்ப நகலை எடுத்துப் பாருங்கள். "டெரிவேட்டிவ் அனுபவம்: 5 ஆண்டுகளுக்கு மேல்" என்ற கட்டத்தில் டிக். அதே பக்கத்தின் மேலே என் டீமேட் கணக்குத் தொடங்கிய தேதி. விண்ணப்பத் தேதிக்கு முந்தைய மாதம். சரிபார்த்தவர் என்று கையெழுத்துப் போட்டவர் கண்ணில் இது படவில்லை. வருமானச் சான்றாக இணைத்திருப்பது ஃபண்டு இருப்பு அறிக்கை. உங்கள் ஆள் முதலில் விற்றதே, அடுத்ததை விற்பதற்கு எனக்குத் தகுதிச் சான்று ஆகிவிட்டது!

எஃப் அண்ட் ஓவில் 10 பேரில் 9 பேருக்கு நட்டம் என்ற எச்சரிக்கையை லாகின் செய்யும்போதே காட்ட வேண்டும் என்பது, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் 2023 ஜூலை முதலான விதி. நான் அதைப் "படித்து ஏற்றதாக" எழுதியிருக்கிறீர்கள். ஏற்றது எந்தக் கருவியிலிருந்து என்று உங்கள் பதிவேட்டிலேயே இருக்கிறது: ஒரு டேப்லெட். எங்கள் வீட்டில் டேப்லெட் கிடையாது.

கடைசிப் பத்தியில், கட்டுப்பாடுகள் கூடினால் சிறு முதலீட்டாளரின் சுதந்திரம் பறிபோகும் என்று வருந்தியிருக்கிறீர்கள். செபி செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 3 நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓவில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நட்டம், மொத்தம் ₹1.8 லட்சம் கோடிக்கு மேல். தரகு, கட்டணம் என்று அவர்கள் கட்டியது மட்டும் சுமார் ₹50,000 கோடி. இந்தச் சுதந்திரத்தில் உங்களுக்கு இருக்கும் அக்கறை எனக்குப் புரிகிறது.

இக்கடிதத்தின் நகல் செபிக்கும் போவதால் அவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். சாதாரண ஆள் உள்ளே வராமலிருக்க இதுவரை அவர்கள் வைத்த தடையெல்லாம் பணத்தால் ஆனது. பி.எம்.எஸ். (நம் முதலீட்டை நிறுவனமே நிர்வகிக்கும் திட்டம்) என்றால் குறைந்தது ₹50 லட்சம், ஏ.ஐ.எஃப். (மாற்று முதலீட்டு நிதி) என்றால் ₹1 கோடி. யெஸ் வங்கியின் ₹8,415 கோடி ஏ.டி.1 பத்திரங்கள் (வங்கி நொடித்தால் அழிக்கப்படக்கூடிய கடன் பத்திரங்கள்) 2020 மார்ச்சில் ஒன்றுமில்லாமல் போனதும், அவ்வகைப் பத்திரத்துக்கும் ₹1 கோடி. 2024 நவம்பர் 20 முதல், நிஃப்டி போன்ற இண்டெக்ஸ், அதாவது குறியீட்டு, ஒப்பந்தத்தின் மதிப்பு குறைந்தது ₹15 லட்சம் என்றார்கள். நிஃப்டி லாட் 25-லிருந்து 75 ஆக்கப்பட்டது. ஐந்தாயிரம் பத்தாயிரத்தோடு வரும் பையன்களை இது நிறுத்தலாம். ஓய்வுபெறுகிற மாதத்தில், வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, மொத்தமாகப் பணம் பார்க்கிற என்னைப் போன்றவனை நிறுத்தாது. 20 லாட்டுக்குப் பதில் 6 லாட் விற்றிருப்பார்கள், அவ்வளவுதான்.

தடை போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. என் பழைய மாணவன் ஒருவன் வருடக்கணக்காக ஆப்ஷன் செய்கிறான். நட்டம் எவ்வளவு வரை போகும் என்று கேட்டால் காகிதத்தில் கோடு போட்டுக் காட்டுவான். அவனை யாரும் தடுக்க வேண்டாம். அந்தக் கோட்டைப் போடத் தெரியாதவருக்கு இந்தக் கணக்கைத் திறக்கக் கூடாது. திறந்தால், விற்றவருக்கும் நட்டத்தில் பங்கு இருக்க வேண்டும். தெரியுமா என்று சோதிப்பவர், விற்றால் இன்சென்டிவ் வாங்குகிற ஆளாக இருக்கவே கூடாது.

இனி என் கோரிக்கை. ஆர்டர் கொடுத்தவர் வாடிக்கையாளர்தான் என்பதற்குக் குரல் பதிவோ எழுத்தோ லாகின் பதிவோ தரகர் வைத்திருக்க வேண்டும், தகராறு வந்தால் நிரூபிப்பதும் அவர் பொறுப்பே என்று செபியின் 2018 மார்ச் மாதச் சுற்றறிக்கை சொல்கிறது. ஜூன் 3-ஆம் தேதி ஆர்டருக்கான அந்த ஆதாரத்தை அனுப்புங்கள். இல்லையென்றால் ₹4,80,000-ஐயும் அதன்மீது பிடித்த கட்டணங்களையும் திருப்பித் தாருங்கள். மீதி ஃபண்டின் அடகை உடனே விடுவித்து, எஃப் அண்ட் ஓ பிரிவை மூடிவிட்டதாக எழுத்தில் தெரிவியுங்கள். வீட்டுக்கு மேனேஜரை அனுப்ப வேண்டாம்.

டிசம்பர் 16-க்குள் பதில் வராவிட்டால் செபியின் புகார்த் தளமான ஸ்கோர்ஸில் புகார் பதிவாகும். அதிலும் தீரவில்லையென்றால் இணையவழித் தகராறு தீர்வுத் தளமான ஸ்மார்ட் ஓ.டி.ஆர்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்

இணைப்பு: கான்ட்ராக்ட் நோட்டுகள், எஃப் அண்ட் ஓ விண்ணப்ப நகல், தங்கள் பதில் கடிதம்.
நகல்: செபி, மும்பை.