மண்டபத் திருப்பணி நிறைவு அறிக்கை: 19 நாள் பிந்தியது ஏன்

அன்பான சபையாருக்கு,

மண்டப வேலை முடிந்துவிட்டது. பிளேட் (கொங்கிறீற் கூரைத் தட்டு) போட்டு, வயரிங் செய்து, தரைக்கு மாபிள் பதித்து, பெயின்றும் அடித்தாயிற்று. மதிப்பீட்டைவிட 2 இலட்சத்து 85 ஆயிரம் ரூபா கூடியிருக்கிறது, பிளேட் 19 நாள் பிந்தியிருக்கிறது. கனடாவில் இருந்து ஊழியப் பயணமாக வந்த வாலிபர்களுக்காக வேலையை நிறுத்தியதால்தான் இப்படி ஆனது என்று கடந்த கூட்டத்தில் சிலர் கேட்டார்கள். செயலாளர் என்ற முறையில் அதற்கு விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

அவர்கள் நம்மோடு நின்றது ஒரே ஒரு சனிக்கிழமை. 14 பிள்ளைகள், கூட இரண்டு பெரியவர்கள். ஆகஸ்ட் மாதம், கச்சான் காற்று அனலாக வீசிய நேரம். அதனால் காலை 6 மணிக்கே வேலையைத் தொடங்கி 10 மணிக்கு நிறுத்தச் சொன்னோம். மேசன்மார் வழமைபோல் கம்பி கட்டினார்கள், ஒருவருடைய கையும் நிற்கவில்லை. பிள்ளைகள் மணல் அரித்தார்கள், பழைய சுவரைச் சுரண்டினார்கள், கல் சுமந்தார்கள். உள்ளங்கை கொப்பளித்தும் ஒரு பிள்ளைகூட ஒதுங்கி நிற்கவில்லை. சாப்பாட்டுக் காசை அவர்களே தந்தார்கள். மாதர் ஐக்கியத்தார் புட்டும் மீன் சொதியும் சமைத்தார்கள். பின்னேரம் நமது ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளோடு பாட்டும் வேதக்கதையும் நடந்தது. தெருவில் இறங்கிப் பிரசங்கம் வேண்டாம் என்று குருவானவரும் குழுவும் முன்கூட்டியே எழுதியிருந்தோம். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கிற ஊர் திருகோணமலை. அந்த முடிவு சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

இனி மணல் விஷயம். அரிதட்டில் நின்ற பிள்ளைகளில் ஒருத்திக்கு இந்த ஊரில் பிறந்த அப்பம்மா. அவள் அரிதட்டில் தங்கிய சின்னச் சின்னச் சிப்பிகளைப் பொறுக்கி, அப்பம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுக்கப்போவதாகச் சொல்லி, என்னிடம் கை நிறையக் காட்டினாள். எனக்கு நெஞ்சு திக்கென்றது. ஆற்று மணல் என்று காசு வாங்கி இறக்கிய 3 கியூப் அது. இப்படிச் சிப்பி கிடந்தால் கடல் மணலாக இருக்குமோ என்று பயந்தேன்.

கொந்தராத்துக்காரரைக் கேட்டோம். கழுவிய மணல்தான், சிப்பி கிடந்தால் என்ன என்றார். கழுவிப் பரிசோதித்த கடல் மணலைக் கட்டடங்களுக்குப் பாவிக்கிறார்கள், அது உண்மை. ஆனால் இந்த லோட்டைக் கழுவியதற்கு ஒரு துண்டுக் கடிதமும் அவரிடம் இல்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நமது சபையின் இரசாயனவியல் ஆசிரியர் அந்த மணலைத் தண்ணீரில் கலக்கித் தெளியவிட்டு, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் சில துளி விட்டார். பால்போல் வெளுத்தது, உப்பு இருப்பதற்கு அதுதான் அடையாளம். வெறும் பைப் தண்ணீருக்கும் விட்டுப் பார்த்தார். அது இலேசாக மங்கியதோடு சரி. அங்கே நின்ற முப்பது பேருக்கு மேல் இதைக் கண்டார்கள்.

இரும்புக்கு உப்பு எமன். கொங்கிறீற்றுக்குள் உப்பு இருந்தால் கம்பி துருப்பிடிக்கும், துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும், கொங்கிறீற் வெடித்துக் கொட்டும். நமது பழைய பிளேட்டை உடைத்தபோது சில இடங்களில் கம்பி பென்சில் அளவுக்குத் தேய்ந்திருந்ததை எல்லோரும் பார்த்தோம். அதன் கீழேதான் இத்தனை வருடம் பிள்ளைகளை உட்கார வைத்திருந்தோம். அதே பிழையை, தெரிந்துகொண்டே, இன்னொரு தடவை செய்ய எங்களால் முடியவில்லை.

மணலைத் திருப்பி எடுக்கச் சொன்னோம். அவர் மறுத்து வேலையை நிறுத்தினார். மாரி மழை தொடங்கினால் பிளேட் போட முடியாது என்று பயமுறுத்தினார். இரண்டு தடவை அவருடைய வீட்டு வாசலில் போய் நின்றோம். கடைசியில், மணற்காசைப் பிறகு கழித்துக்கொள்ளலாம் என்று ஒத்துக்கொண்டு, அனுமதிப்பத்திரத்தோடு மகாவலி ஆற்று மணலை மூதூர்ப் பக்கமிருந்து நாங்களே எடுப்பித்தோம். கூடிய செலவில் பெரும்பகுதி அந்த மணலும் லொறிக் கூலியும்தான். கொந்தராத்துக்காரருக்குக் கொடுக்க இருந்த கடைசித் தவணையில் பழைய மணலின் காசைக் கழித்தோம். அதில் அவருக்கு இன்னும் கோபம்.

மீதி, மேசன்மாருக்கு 19 நாளுக்குக் கொடுத்த அரைச் சம்பளம். நமது சபையைச் சேராதவர்களுக்கு ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்கிறார்கள். கிண்ணியாவில் இருந்து வந்து அன்றாடக் கூலியில் சீவிக்கிறவர்கள் அவர்கள். மணலை இறக்கியது அவர்கள் இல்லை. குழுவில் எட்டுப் பேரும் ஒரே மனதாய் எடுத்த முடிவு இது. அதற்கு நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை.

உதவியவர்களின் பெயர்ப் பட்டியல் அறிவித்தற்பலகையில் இருக்கிறது. கம்பிக்கு உவர்மலைக் குடும்பங்கள், மாபிளுக்குப் பாலையூற்றுச் சகோதரிகள், மின்விசிறி 6க்கு லிங்கநகர் வாலிபர்கள், கதவுகளுக்கு அன்புவழிபுரத்து ஓடாவி அண்ணன், தண்ணீர்த் தாங்கிக்கு மனையாவெளி வீட்டார், வயரிங் கூலியில் பாதியை வாங்காமல் விட்ட தம்பி, பிளேட் போட்ட அன்று தேநீரும் பணிசும் தந்த நிலாவெளி வீதிக் கடைக்காரர். டைக் வீதி அம்மா ஒருவர் ஓய்வூதியத்தில் இருந்து 20 பை சீமெந்து தந்தார். பெயர் போட வேண்டாம் என்றார், போடவில்லை. அந்தக் கனடாப் பிள்ளைகள் ஊர் திரும்பிய பின், தங்களுக்குள் சேர்த்து ஜன்னல் கிறில் இரண்டுக்குக் காசு அனுப்பியிருக்கிறார்கள்.

பிளேட் போட்ட பின் 14 நாள் தண்ணீர் கட்டி வைத்தோம். பலகை கழற்றிய அன்று ஒரு சொட்டு ஒழுக்கும் இல்லை. கணக்குப் புத்தகமும் பில்களும் வரும் ஞாயிறு ஆராதனைக்குப் பின் மண்டபத்தில் இருக்கும். ஆசிரியர் பரிசோதித்த மணலில் ஒரு போத்தலும் எடுத்து வைத்திருக்கிறோம். சந்தேகம் உள்ளவர்கள் வந்து பாருங்கள். பின்கதவுக்குப் பூட்டு இன்னும் போடவில்லை.

செயலாளர்,
திருப்பணிக் குழு