வெண்ணெய்க் கட்சிக்கு ஒரு பதில்

போர்ட்லாந்து, மெய்ன்
ஆகஸ்ட் 10

அன்புள்ள குமரேசனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தங்கைக்குக் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததையும், மகனுக்கு நியூ ஹேவனிலேயே வேலை கிடைத்ததையும் அறிந்து எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி. அந்த இரண்டு நல்ல செய்திகளையும் நான்கு வரிகளில் முடித்துவிட்டு, மிச்சமிருந்த பக்கங்களை எல்லாம் லாப்ஸ்டர் ரோலுக்கே, கொடுக்குள்ள அந்தப் பெரிய கடல் சிங்கியின் இறைச்சியை நீள ரொட்டியில் வைத்துத் தரும் பண்டத்துக்கே, ஒதுக்கியிருக்கிறாய். ஆகவே நானும் வீட்டுச் செய்தியைச் சுருக்கிக்கொள்கிறேன். அனைவரும் நலம், என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறது. இனி உன் குற்றச்சாட்டுக்கு வருகிறேன்.

சூடான வெண்ணெயில் புரட்டித் தரும் உங்கள் கனெக்டிகட் ரோல்தான் ரோல், மெய்ன்காரர்கள் லாப்ஸ்டர் இறைச்சியைக் குளிர வைத்து, மயோனைஸில் பிசறி ரொட்டியில் அடைத்துக் கொடுப்பது விருந்தாளிக்குப் பழைய சோறு போடுவதற்குச் சமம் என்று எழுதியிருக்கிறாய். பழைய சோற்றை இவ்வளவு இளக்காரமாகப் பேசும் வசதி உனக்கு எப்போது வந்தது என்று தெரியவில்லை. தூத்துக்குடியில் சித்திரை வெயில் கொளுத்திய நாட்களில், சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு, கருவாட்டுத் துண்டு தீர்ந்த பிறகும் இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கியவன் நீதான். குளிர்ந்த உணவு எல்லாம் மீந்துபோன உணவு என்று அன்றைக்கு நீ சொன்னதில்லை.

வரலாறு உன் பக்கம்தான் இருக்கிறது. அதில் எனக்குத் தகராறு இல்லை. உங்கள் மில்ஃபோர்டில் பெர்ரி என்பவருடைய உணவகத்தில் 1920களின் இறுதியில் சூடான வெண்ணெயில் புரட்டிய லாப்ஸ்டரை ரொட்டியில் வைத்துக் கொடுத்ததுதான் முதல் லாப்ஸ்டர் ரோல் என்று உணவு வரலாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள். எங்கள் ஊர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஆனால் முதலில் செய்தவன் செய்த விதமே சரியான விதம் என்று நீ அடுத்த அடி வைக்கிறாயே, அங்கேதான் நான் நின்றுவிடுகிறேன். அப்படிப் பார்த்தால் உலகத்தில் எந்தச் சமையலும் ஒரு தலைமுறைக்கு மேல் தேறியிருக்காது.

நீ எங்கள் ரோலைச் சரியாகச் செய்த இடத்தில் சாப்பிடவில்லை என்பது உன் வருணனையிலிருந்தே தெரிகிறது. செலரிக் கீரைத்தண்டின் துண்டுகள் பல்லில் மாட்டின, மயோனைஸ் கூழாக வழிந்தது, ரொட்டி சில்லென்று இருந்தது என்கிறாய். செலரியும் கீரை இலையும் இறைச்சி போதாதவன் இடத்தை அடைப்பதற்குப் போடுவது. அவற்றுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். மயோனைஸ் இறைச்சித் துண்டுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் அளவுக்கு, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு இருந்தால் போதும். ரொட்டியோ கட்டாயம் சூடாக இருக்க வேண்டும். இங்கே பயன்படுத்தும் ரொட்டியை வரிசையாக ஒட்டி வைத்துச் சுட்டுப் பிறகு பிரிப்பதால், அதன் இரு பக்கங்களிலும் மேலோடு கிடையாது. வாயைப் பக்கவாட்டில் கீறாமல் உச்சியில் கீறுவார்கள். 1940களில் ஹோவர்ட் ஜான்சன் உணவகங்கள் தங்கள் மட்டி ரோலுக்காக இந்தப் போர்ட்லாந்து ரொட்டிக்கடை ஒன்றைக் கேட்டுச் செய்வித்த வடிவம் இது என்பார்கள். மேலோடில்லாத அந்த வெள்ளைப் பக்கங்களில் வெண்ணெய் தடவித் தட்டையான கல்லில் பொன்னிறமாக வாட்டி, சூடு ஆறுவதற்குள் குளிர்ந்த இறைச்சியை உள்ளே வைக்க வேண்டும். ஆக, வெண்ணெய் எங்கள் ரோலிலும் உண்டு. அது ரொட்டியில் இருக்கிறது, இறைச்சியில் இல்லை. உங்கள் கரையில் நோவாங்க் போன்ற ஊர்களில் பர்கருக்குரிய வட்ட ரொட்டியில் வைத்துத் தருகிறார்களே, அந்த ரொட்டி வெண்ணெயைக் குடித்துவிட்டு மூன்றாம் கடியில் கையில் பிசுபிசுத்துப் போவதை நீயும் மறுக்க மாட்டாய்.

இவை எல்லாம் செய்முறைக் குறைகள். கைதேர்ந்தவன் இரண்டு விதத்திலும் இவற்றைத் தவிர்த்துவிடுவான். இத்தனை ஆண்டுகள் இந்தக் கரையில் இருந்து நான் கண்டுகொண்டது என்னவென்றால், நம் இருவருடைய ருசிக்கும் உள்ள வேறுபாடு வெண்ணெயிலோ மயோனைஸிலோ தொடங்கவில்லை, லாப்ஸ்டரின் ஓட்டில் தொடங்குகிறது. ஜூன் கடைசியிலிருந்து கோடை முழுவதும் இவை சட்டை உரித்துப் புதிய ஓடு போட்டுக்கொள்ளும் காலம். பழைய ஓட்டைக் கழற்றியதும் லாப்ஸ்டர் தண்ணீரை உள்வாங்கி உடம்பைப் பெருக்கிக்கொள்கிறது. அந்த அளவுக்குப் புதிய ஓடு உருவாகிறது. ஆனால் உள்ளே இறைச்சி நிரம்ப மாதங்கள் ஆகும். அப்படிப்பட்ட புது ஓட்டு லாப்ஸ்டரைக் கையாலேயே உடைக்கலாம். உடைத்தால் நீர் கொட்டும், எடைக்கு ஏற்ற இறைச்சி கிடைக்காது, ஆனால் கிடைக்கும் கொஞ்சமும் இளசாக, இனிப்பாக இருக்கும். இலையுதிர் காலத்தில் ஓடு கெட்டியாகி இறைச்சி நிறைந்துவிடும். அப்போது அதற்குக் கடிபடும் தன்மையும் உப்பின் அழுத்தமும் வந்துவிடுகின்றன.

புது ஓட்டு லாப்ஸ்டர் நெடும்பயணம் தாங்காது. பெட்டியில் அடுக்கித் தெற்கே அனுப்பினால் வழியிலேயே செத்துப்போகும். ஆகவே அதை இங்கேயே சாப்பிடுகிறோம், அல்லது அது பதப்படுத்தும் ஆலைக்குப் போகிறது. லாரியில் உயிரோடு உங்கள் ஊருக்கு வந்து சேர்வதில் பெரும்பகுதி கெட்டி ஓட்டு லாப்ஸ்டர். 1999 இலையுதிர் காலத்தில் உங்கள் கரையை ஒட்டிய லாங் ஐலண்ட் சவுண்ட் கடற்பகுதியில் லாப்ஸ்டர்கள் கூட்டங்கூட்டமாக மடிந்ததை உன் ஊர்ப் பெரியவர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். கடலடி நீர் சூடேறியதும், நோய்க்கிருமி தாக்கியதும் சேர்ந்து அந்தத் தொழிலை முடித்து வைத்தன. அன்றிலிருந்து கனெக்டிகட் ரோலுக்குள் இருப்பது பெரும்பாலும் எங்கள் கடலின், அல்லது கனடாவின் லாப்ஸ்டர்தான். 1929-இல் உங்கள் கடலிலேயே பிடித்தார்கள் என்பதால் சூடான ரோல் பிறந்ததற்கு இது காரணம் ஆகாது. ஆனால் அது அங்கே இன்னும் செழித்திருப்பதற்கு இந்தக் கெட்டி இறைச்சியும் ஒரு காரணம் என்பது என் கணக்கு. திடமான இறைச்சிக்கு வெண்ணெய் ஈடு கொடுக்கிறது. ஜூலை மாதத்து இளசு இறைச்சியைச் சூடான வெண்ணெயில் போட்டாலோ இனிப்பு எல்லாம் வெண்ணெய்க்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

ஆதலால் என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன்: கோடையில் எங்கள் முறை, அக்டோபரில் உங்கள் முறை. இதை நடுநிலை என்று எண்ணி மகிழ்ந்துவிடாதே. உறைய வைத்து வந்த இறைச்சியின் வறட்சியை வெண்ணெய் மறைத்துவிடும், குளிர்ந்த ரோலில் அது முதல் கடியிலேயே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், கடைக்காரனின் நேர்மையைச் சோதிப்பதற்கு எங்கள் ரோலைப் போல் வேறில்லை என்று இப்போதும் சொல்வேன். எங்கள் கரையிலும் உறைந்த இறைச்சியைச் சுற்றுலாப் பயணிகளின் தலையில் கட்டும் கடைகள் இருக்கின்றன. அவர்களுக்கும் இது பொருந்தும். விஸ்காசெட்டில் முதலாம் எண் நெடுஞ்சாலையோரம் இருக்கும் ரெட்ஸ் ஈட்ஸ் கடையில் இந்த வழக்கையே எழவிடாமல் செய்துவிட்டார்கள்: ரொட்டி கொள்ளாத அளவுக்கு முழு இறைச்சியை எதுவும் கலக்காமல் அடுக்கி, உருக்கிய வெண்ணெயையோ மயோனைஸையோ தனியாகக் கொடுக்கிறார்கள். அங்கே நிற்கும் வரிசையைப் பார்த்தால் மட்டும் மலைப்பாக இருக்கும்.

வால் இறைச்சிதான் உயர்ந்தது, கொடுக்கு இறைச்சி இரண்டாம் தரம் என்று நீ எழுதியிருப்பது ஊர்ப் பழக்கத்தில் வந்தது. மன்னார் வளைகுடாவில் கிடைக்கும் சிங்கி இறாலுக்குக் கொடுக்கே கிடையாது. நமக்கு வால்தான் எல்லாம். அதிலும் நல்லது ஏற்றுமதிக்கு உயிரோடு போய்விடும், நாம் பார்த்தது எடை குறைந்ததும் கால் ஒடிந்ததும்தான். இங்கே எங்கள் துறைமுகத்தில் எனக்குப் பழக்கமான லாப்ஸ்டர்காரர் ஒருவர் வாலை விருந்தினருக்குத் தள்ளிவிட்டு, கொடுக்கையும் உடம்பையும் இணைக்கும் கணுக்களை மட்டும் தமக்கு எடுத்து வைத்துக்கொள்வார். அவர் உரிப்பதை ஒருநாள் நீ பார்க்க வேண்டும். கொடுக்கின் சிறிய விரலை முதலில் மெல்ல அசைத்து இழுப்பார். உள்ளேயிருக்கும் தட்டையான, இறகு போன்ற குருத்தெலும்பு அதனோடேயே வெளியே வந்துவிடும். பிறகு ஓட்டை ஒரு தட்டுத் தட்டினால் கொடுக்கு இறைச்சி முழுசாக, சிவந்த தோலோடு வழுக்கி விழும். கணுவுக்குள் சுண்டு விரலை விட்டு நெம்பி எடுக்கும் துண்டு சிறியதுதான், ஆனால் லாப்ஸ்டர் முழுவதிலும் இனிப்பான துண்டு அதுவே. உடம்புக்குள் இருக்கும் பச்சைக் குழம்பை அவருடைய தந்தை ரொட்டியில் தடவிச் சாப்பிடுவாராம். கடலின் நச்சுகள் அதில் சேர்வதால் சாப்பிட வேண்டாம் என்று 2008-இல் அரசு அறிவுறுத்திய பிறகு இவர் அதை விட்டுவிட்டார், அரைமனதோடு.

விலையைப் பற்றியும் குறைபட்டுக்கொண்டிருக்கிறாய். ஒரு லாப்ஸ்டரின் எடையில் இறைச்சியாகத் தேறுவது சுமார் ஐந்தில் ஒரு பங்குதான். புது ஓடு என்றால் அதற்கும் குறைவு. முதுகு ஓட்டின் நீளம் கண்குழியிலிருந்து பின் விளிம்பு வரை 3¼ அங்குலத்துக்குக் குறைந்தாலும், 5 அங்குலத்தைத் தாண்டினாலும் மெய்ன் சட்டப்படி கடலிலேயே விட்டுவிட வேண்டும். முட்டையோடு வரும் பெண் லாப்ஸ்டரின் வால் மடலில் முக்கோண வெட்டுப் போட்டு விட்டுவிடுவார்கள், அந்த வெட்டைப் பார்க்கும் அடுத்தவரும் அதைத் தொடக்கூடாது. இத்தனை ஒழுங்கு இருந்தும், 2016-இல் 13 கோடி பவுண்டு எடையைத் தாண்டிய மெய்னின் லாப்ஸ்டர் பிடிப்பு 2023-இல் 10 கோடிக்குக் கீழே வந்துவிட்டது. கடல் சூடேறி வருகிறது. உங்கள் கடலில் நடந்தது இங்கேயும் நடக்குமோ என்று துறைமுகத்தில் பேச்சு உண்டு. குளிர்காலத்தில் கிடைத்துவந்த சின்னஞ்சிறு இளஞ்சிவப்பு இறால் எங்களுக்கு ஏற்கெனவே போய்விட்டது. 2014 பருவத்திலேயே அந்த மீன்பிடிப்பை மூடிவிட்டார்கள். என் மனைவி அதில் செய்த தொக்கை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

பொரித்த மட்டியைப் பற்றி நீ எழுதியதற்கு விட்டுக்கொடுக்காமல் பதில் சொல்ல வேண்டும். வயிற்றுப் பகுதியை நீக்கிவிட்டு நாடா நாடாவாகப் பொரித்துத் தருவதைச் சாப்பிட்டுவிட்டு, மட்டிக்கு ருசி இல்லை என்கிறாய். மாசசூசெட்ஸில் எசெக்ஸ் ஊரில் உட்மன் என்பவர் 1916 ஜூலையில் முதன்முதலாகப் பொரித்தது முழு மட்டியை என்பார்கள்; பல ஊர்களில் கிளை வைத்த உணவகங்கள் பின்னாளில் நாடாவைப் பரப்பின. மென்மையான அந்த வயிற்றில்தான் கடலின் ருசி இருக்கிறது. முதல் கடியில் சேறு மணக்கிறது என்று சிலர் முகம் சுளிப்பார்கள். நண்டின் மூளையை உறிஞ்சி வளர்ந்த நீ சுளிக்கக் கூடாது. வேகவைத்த மட்டி வந்தால் கழுத்தின் கறுப்பு உறையை உருவிப் போட்டுவிட்டு, அதன் வேகவைத்த நீரில் ஒருமுறை அலசி மணலைப் போக்கி, அதன் பிறகே வெண்ணெயில் தோய்க்க வேண்டும். அங்கே வெண்ணெய்க்கு நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

சௌடர் என்னும் மட்டி சூப் விஷயத்தில் நாம் ஒரே கட்சி என்று நினைத்திருந்தேன். பாலில் செய்த சௌடர் கனக்கிறது, தக்காளி போட்ட மன்ஹாட்டன் சௌடர் ரசத்தைப் போல் இதமாக இருக்கிறது என்று நீ எழுதியதை எங்கள் அண்டை வீட்டாரிடம் நான் சொல்லவில்லை. 1939-இல் சௌடரில் தக்காளி சேர்ப்பதைத் தடை செய்ய வேண்டும் என்று மெய்ன் சட்டமன்றத்தில் ஒருவர் மசோதாவே கொண்டுவந்தார். உன்னை எல்லைக்குள் விடுவார்களோ என்னவோ. பால் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ரோட் ஐலண்டின் தெளிந்த சௌடரை முயன்று பார். மட்டி, அதன் சாறு, வெங்காயம், உருளைக்கிழங்கு, உப்பிட்ட பன்றிக் கொழுப்பு, இவ்வளவுதான். மிளகு தட்டிப் போட்டால் நம் வாய்க்கு அதுவே நெருக்கம்.

அக்டோபர் நடுவில் நீங்கள் இருவரும் இங்கே வந்துவிடுங்கள். ஓடு கெட்டியாகியிருக்கும், சுற்றுலாக் கூட்டம் கலைந்திருக்கும், உன் விருப்பப்படி சூடான வெண்ணெயில் புரட்டி நானே செய்து தருகிறேன். ரொட்டி மட்டும் எங்கள் ஊர் ரொட்டி. அடுத்த ஜூலையில் நீ திரும்ப வந்து புது ஓட்டு லாப்ஸ்டரைக் குளிர்ந்த ரோலில் சாப்பிட வேண்டும் என்பது நிபந்தனை. எந்தச் சனிக்கிழமை வசதி என்று தங்கையிடம் கேட்டு இந்த மாதத்துக்குள் எழுது. அந்த லாப்ஸ்டர்காரர் அக்டோபரில் கூண்டுகளைத் தொலைகடலுக்கு மாற்றிவிடுவார், முன்கூட்டியே சொல்லி வைத்தால்தான் நமக்கு எடுத்து வைப்பார்.

அன்புடன்,
சுப்பையா