ஏக்கரையும் பேர்ச்சஸையும் கூட்டாதீர்கள்

ஆசிரியருக்கு,

கிளிநொச்சியில் வயல் கணக்குக்கு சீ ஷார்ப் (C#) என்ற நிரல் மொழியில் மென்பொருள் எழுதிப் பழகும் பெடியள், ஏக்கரையும் பேர்ச்சஸையும் வெறும் எண்ணாகவே கூட்டிவிட்டு, விடை பிழைத்ததும் தலையில் கை வைக்கிறார்கள். 1 ஏக்கர் 160 பேர்ச்சஸ் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும், கணினிக்குத்தான் தெரியாது. ஏக்கருக்குத் தனி வகை (type, இது எந்த இனத் தரவு என்று நிரலில் சொல்வது) எழுதி, மாற்றும் விதியையும் அதற்குள்ளேயே சொல்லிவிட்டால் கணினி தானாக மாற்றிக்கொள்ளும். தசமம் வெட்டுப்படும் இடத்தில் மட்டும், கேட்டால்தான் மாற்றும் என்று வையுங்கள். அப்புறம், மற்றவர் எழுதிய வகையைத் தொடாமலே அதற்குப் புது மெதட் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) சேர்க்கும் வசதி 2007இலேயே வந்துவிட்டது. ஆனால் அதே பெயரில், அதே உள்ளீட்டோடு அந்த வகைக்குச் சொந்த மெதட் இருந்தால் அதுதான் ஓடும், உங்களுடையது சத்தமில்லாமல் கிடக்கும் (ஒரு பகல் முழுக்க இதில் மினக்கெட்டேன்). சரி, உங்கள் மாணவர் பக்கத்தில் இதையெல்லாம் தமிழில் போடலாமே?

வாசகர் ஒருவர்,
கிளிநொச்சி