சிப்பாய் ஒன்று குறைந்தாலும்

அன்புள்ள அம்மிணிக்கு,

அம்மாவும் நானும் சௌக்கியம். ஈரோட்டு செஸ் போட்டியில் நான் ஆடிய ஆட்டத்தின் நகர்வுகளை எழுதிய தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். போனில் பேசினால் பாதியில் நின்றுவிடும், அதனால்தான் எழுதுகிறேன்.

எதிரில் உட்கார்ந்தவர் திருப்பூரில் பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டர். சின்ன வயசு. அவருக்கு வெள்ளைக் காய். இத்தாலியன் ஆரம்பம், அதில் சொல்ல ஒன்றுமில்லை. நடுவில் குதிரையை வைத்து நெருக்கி ஒரு சிப்பாயை எடுத்துவிட்டார். அப்புறம் ராணிகள் வெட்டுப்பட்டு, ஆளுக்கொரு யானையும் சில சிப்பாய்களும் மிஞ்சின.

யானையையும் வெட்டிக்கொள்ளப் பார்த்தார். நான் ஒதுங்கிக்கொண்டே இருந்தேன். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் அப்போதைய உலகச் சாம்பியன் டிங் லிரனுக்கு நடந்தது ஞாபகம் இருக்கிறதா? அவருக்கும் ஒரு சிப்பாய்தான் குறைவு, டிராவாக வேண்டிய ஆட்டம். யானையைத் தப்பாக எஃப்2 கட்டத்தில் வைத்தார். குகேஷ் யானையை வெட்டி, பிஷப்பையும் வெட்டி, ராஜாவும் சிப்பாயும் மட்டும் மிஞ்சிய ஆட்டத்தில் உலகப் பட்டத்தை எடுத்துக்கொண்டார்.

கடைசியில் கட்டிங் மாஸ்டரிடம் யானையோடு ஒரே ஒரு சிப்பாய், என்னிடம் யானை மட்டும். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது நீ எனக்குச் சொல்லிக்கொடுத்த பிலிடோர் தடுப்பு அங்கேதான் கை கொடுத்தது. ராஜா சிப்பாயின் வழியில் நிற்க வேண்டும். யானை நம் பக்கத்திலிருந்து மூன்றாவது வரிசையைக் காக்க வேண்டும், எதிரி ராஜா உள்ளே வர முடியாது. சிப்பாய் அந்த வரிசையில் கால் வைத்ததும் யானையைப் பலகையின் எதிர்க் கோடிக்கு இறக்கிப் பின்னாலிருந்து செக், மறுபடி செக். ராஜா ஒளிய வேண்டிய கட்டத்தில் அவருடைய சிப்பாயே நிற்கிறதே, எங்கே போவார்? பிலிடோர் 18ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு இசையமைப்பாளர். அவர் எழுதிவைத்த தடுப்பு ஈரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் என்னைக் காப்பாற்றியதை நினைத்தால் இப்போதும் மனசு நிறைகிறது.

கடிகாரத்தில் ஆளுக்குச் சில நிமிடம்தான் இருந்தது. அவர் எல்லா வழியும் பார்த்துவிட்டு டிராவுக்குக் கை நீட்டினார். டீக்கடையில், "இதை யாருங்க சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டார். என் மகள் என்றேன். முழுசாகக் காட்டச் சொல்லி, காய்களை அடுக்கி அடுக்கிப் பார்த்துக்கொண்டார்.

வேலைக்குப் போனதிலிருந்து நீ பலகையைத் தொடவே இல்லை என்று அம்மா சொன்னாள். எனக்கு அது வருத்தம்தான் கண்ணு. தோற்கிற நிலையிலும் பதறாமல் உட்கார்ந்து வழி தேடுவாய். அந்தப் பொறுமையை இந்த மண்டபங்களில் நான் அதிகம் பார்த்ததில்லை.

பொங்கல் விடுமுறையில் கோயம்புத்தூரில் ஒரு போட்டி இருக்கிறதாம். என் பேரோடு உன் பேரையும் கொடுக்கட்டுமா? லீவு கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் பதில் போடு.

அப்பா