ஞாயிறு பகலில் ஒரு கூத்து: மாவட்ட ஆட்சித்தலைவருக்குக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
தேயிலைத் தோட்டத் தொழிலாளி,
டேன்டீ (அரசு தேயிலைத் தோட்டக் கழகம்) லைன் குடியிருப்பு,
பந்தலூர் வட்டம், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
உதகமண்டலம்.

பொருள்: உதகையில் உள்ள கலையரங்கில் மாதம் ஒரு நிகழ்ச்சியையாவது ஞாயிறு பகலில் நடத்த ஆவன செய்யுமாறும், வயதானவர்கள் வந்துபோக வசதி கேட்டும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். திங்கள்கிழமை குறைதீர் நாளில் நேரில் வந்து கொடுக்க வேண்டிய மனு இது. வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும் என்பதால் தபாலில் அனுப்புகிறேன். அரங்கத்தின் பெயரைத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். அங்கே வேலை பார்ப்பவர்கள் யார் மீதும் புகார் இல்லை.

என் அம்மா எழுபது தாண்டியவர். இலங்கைத் தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் செய்த சாஸ்திரி - சிரிமாவோ ஒப்பந்தப்படி 1974-இல் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு இந்த மலைக்கு வந்தவர். இலங்கையில் பதுளைப் பக்கத்துத் தோட்டத்தில் சிறுவயதில் பார்த்த, சிவன் மன்மதனை எரித்த கதையை ஆடும் காமன் கூத்தைப் பற்றி இன்றைக்கும் பேசுவார். மாசி அமாவாசை கழிந்து கம்பம் ஊன்றுவார்கள், தப்பு மேளத்தின் அடி கேட்டால் லயத்தில் (தோட்ட லைன் வீடுகளில்) ஒருவரும் தூங்கமாட்டார்கள், மன்மதன் மனைவி ரதி வேடம் கட்டுகிறவரும் ஆண்தான், ஆனால் அழும்போது பார்க்கிற பெண்களும் சேர்ந்து அழுவார்கள் என்பார். மன்மதன் எரிந்தானா எரியவில்லையா என்று எரிந்த கட்சி, எரியாத கட்சி என இரண்டு பக்கமாகப் பிரிந்து வாதாடுவதும் உண்டு. அம்மா எரியாத கட்சி. அந்த வாதத்தில் அவரை இதுவரை யாரும் ஜெயித்ததில்லை.

கடந்த மாசியில் உதகையில் காமன் கூத்து நடக்கப் போவதாகக் கூடலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு போஸ்டர் பார்த்தேன். சனிக்கிழமை மாலை 6.30 மணி என்று போட்டிருந்தது. நான் பார்த்தது வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஐம்பது வருஷம் கழித்து அம்மா அந்தக் கூத்தைப் பார்க்கட்டும் என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், தம்பி, தம்பி மனைவி, அம்மா என ஏழு பேர். போகும்போது பஸ்ஸில் போய்விடலாம். ஆனால் கூத்து முடிந்த பிறகு பந்தலூர் வந்து சேர பஸ் கிடையாது. வந்தாலும் ரோட்டில் இறங்கி லைனுக்கு நடக்க வேண்டும், எங்கள் பக்கம் ராத்திரியில் யானை நடமாட்டம் உண்டு. கடைசியில் 4,500 ரூபாய்க்கு ஜீப் பேசினோம். அதில் பாதி கைமாற்று.

வழியில் அம்மா ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. போகிற இடத்தில் கழிப்பறை எப்படி இருக்குமோ என்ற பயம். அது வீண் பயமாகவும் இல்லை. அரங்கின் பின்பக்கம் இறக்கத்தில் கழிப்பறை இருந்தது, பூட்டியிருந்தது. காவலாளியைத் தேடிப் பிடித்துச் சாவி வாங்கினோம். வாசலில் பதினாறு படி, கைப்பிடிக் கம்பி இல்லை. அம்மாவுக்கு இரண்டு முட்டியும் தேய்மானம். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நானும் தம்பியும் தூக்கிக்கொண்டு ஏறினோம். எல்லோரும் பார்க்கிறார்களே என்று அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

பேச்சும் பொன்னாடையும் முடிந்து கூத்து தொடங்கியபோது மணி 7.10. ஆட்டம் நன்றாக இருந்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை. மேடையில் கம்பம் ஊன்றவில்லையே என்று மட்டும் அம்மா முணுமுணுத்தார். எட்டரைக்கு ஜீப் டிரைவர் உள்ளே வந்து கூப்பிட்டார். பனி இறங்குகிறது, நடுவட்டம் தாண்ட வேண்டும், இதற்கு மேல் நின்றால் ஆபத்து என்றார். சிவன் தவத்தில் இருக்கிறார், மன்மதன் கரும்பு வில்லை எடுத்துவிட்டான். அந்த இடத்தில் எழுந்து வந்தோம். எரிப்பதையும் பார்க்கவில்லை, ரதி புலம்பலையும் கேட்கவில்லை.

தேவாலா தாண்டியதும் வனத்துறையினர் வண்டியை நிறுத்தினார்கள். ரோட்டில் யானை. ஐம்பது நிமிஷம் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தோம். அப்போது அம்மா முன் சீட்டின் முதுகில் விரலால் தாளம் போட்டுக்கொண்டு, சத்தம் வெளியே போகாமல், ரதி புலம்பலை அவராகவே பாடினார். சின்னவள் தூங்காமல் கேட்டாள். வீடு வந்தபோது மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. பாதியில் எழுந்து வந்ததால் என் பிள்ளைகளைப் பொறுத்தவரை மன்மதன் இன்னும் எரியவில்லை. பேரப்பிள்ளைகளும் தன் கட்சிக்கு வந்துவிட்டதாக அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஐயா, நாங்கள் கேட்பது இதுதான். எங்களுக்கு ஞாயிறுதான் லீவு. மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் காலை 11 மணிக்குத் தொடங்கி 1.30-க்குள் முடிகிற மாதிரி ஒரு காட்சி வைத்தால் போதும். காலை பஸ்ஸில் வந்து, 2 மணி வாக்கில் திரும்பும் பஸ்ஸைப் பிடித்து, வெளிச்சத்திலேயே வீடு சேர்ந்துவிடுவோம். ஜீப்பும் வேண்டாம், கைமாற்றும் வேண்டாம். கூடலூர், பந்தலூர், சேரம்பாடி பக்கத்து ஆட்கள் மட்டுமில்லை, கோத்தகிரி, மஞ்சூர் பக்கத்துக் கிராமத்தாரும் வருவார்கள். உதகை டவுனில் இருப்பவர்களுக்குத்தான் மாலைக் காட்சி சரிப்படும்.

நிகழ்ச்சி விவரம் பத்து நாள் முன்னதாக ரேஷன் கடையிலும் பஸ் ஸ்டாண்டிலும் ஒட்டப்பட வேண்டும். அப்படியென்றால்தான் குடும்பமாகக் கிளம்ப ஏற்பாடு செய்ய முடியும். படிகளுக்கு ஒரு பக்கமாவது கைப்பிடிக் கம்பியும், சக்கர நாற்காலி ஏறும்படி ஒரு சாய்தளமும் வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இல் வந்துவிட்டது, பொதுக் கட்டடங்களில் இது சலுகை இல்லை, உரிமை. கழிப்பறையை நிகழ்ச்சி முடியும்வரை திறந்து வைக்கச் சொன்னாலே பாதி கஷ்டம் தீரும். அதற்குச் செலவும் இல்லை.

அப்புறம் இன்னொன்று. மாவட்டக் கலை மன்றத்துக்குத் தாங்களே தலைவர் என்பதால் கேட்கிறேன். வயதான கலைஞர்களுக்குக் கலை முதுமணி விருது கொடுக்கிற மன்றம், வருகிற மாசியில் ஒருமுறை அந்தக் கூத்தைப் பந்தலூருக்கே அனுப்பிவைக்க முடியுமா? பள்ளி மைதானம் போதும், பகலிலேயே வைத்துக்கொள்ளலாம், கம்பம் ஊன்ற மண்ணும் இருக்கிறது. நாற்காலி, பந்தல், ஆட வருகிறவர்களுக்குச் சாப்பாடு எல்லாம் லைன் மக்கள் பார்த்துக்கொள்கிறோம். இந்த மனுவில் கையெழுத்தும் கைநாட்டும் வைத்த 43 பேரும் அதற்கு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

மாசிக்கு முன்பே பதில் கிடைத்தால் தோட்டத்தில் லீவு சொல்ல வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
மனுதாரர் மற்றும் லைன் குடியிருப்பு மக்கள்

இணைப்பு: 1. அரங்கத்தின் பெயர், நிகழ்ச்சி நாள் விவரம் 2. கையெழுத்துத் தாள் 3. வாசல் படிகளின் புகைப்படம்