சிங்கிளா, டபுளா?

கண்ணு,

வாட்ஸ்அப்பில் இவ்வளவு நீளமாக எழுதினால் நீ படிக்கமாட்டாய் என்று உன் அக்கா சொல்கிறாள். ஒரே மூச்சில் படிக்க வேண்டாம், ராத்திரி படுக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் படி. போனில் எனக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் வார்த்தை வருவதில்லை, நீயும் "சரிப்பா, சாப்டீங்களா, அம்மாட்ட குடுங்க" என்று முடித்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று ஜவஹர் பஜார் போயிருந்தேன். அங்கே அமெரிக்காவில் குளிர் ஆரம்பித்துவிட்டதே, காருக்குப் பின்னால் நீ இழுத்துப்போகிற அந்தக் குட்டிப் படுக்கை வண்டிக்கு நம்ம ஊர் பெட்ஷீட் ஒன்று நல்ல கனமாகப் பார்த்து வாங்கி, அடுத்த மாதம் அங்கே வருகிற மாப்பிள்ளையின் சிநேகிதரிடம் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். கடைக்காரர் "சிங்கிளா டபுளா அண்ணே?" என்றார். டபுள் என்று சொல்ல வாயெடுத்தேன், அப்போது நீ அக்காவுக்கு அனுப்பிய வண்டிப் போட்டோ ஞாபகம் வந்தது. அளவு கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அந்தப் போட்டோவை எனக்கு அனுப்பாமல் அக்காவுக்கு அனுப்பினாய். பரவாயில்லை, அவள் காட்டினாள். ஆனால் 38 வருஷம் பஸ்ஸுக்குப் பாடி கட்டியவன் நான். எனக்கு அனுப்பியிருந்தால் நாலு விஷயம் சொல்லியிருப்பேன்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். பக்கவாட்டுப் பலகையின் அந்த வளைவு, மூக்கில் ஆரம்பித்து உச்சிக்கு ஏறிப் பின்னால் தூக்கித் திறக்கிற சமையல் கதவு வரைக்கும் இறங்குகிறதே, அதைப் பெரிதாக்கி அரைமணி நேரம் பார்த்தேன். எங்கேயும் நெளிவு இல்லை. இரண்டு பக்கத்துக்கும் ஒரே அச்சு வைத்து அறுத்திருக்கிறாய் என்று தெரிகிறது. கதவு இடுக்கு மேலேயும் கீழேயும் ஒரே ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம்தான். எங்கள் பட்டறையில் பெரிய மேஸ்திரிக்கே கதவு இடுக்கு ஒன்றரை நூலுக்குப் போய்விடும். இந்தத் தண்ணீர்த்துளி வடிவ வண்டியை அந்த ஊர்க்காரர்கள் 1930களிலிருந்தே வீட்டில் கட்டுகிறார்கள், 1947இல் மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகையில் வரைபடமே வந்தது என்று நீ சொன்னபோது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 8 அடி நீளம், 4 அடி அகலம், அதாவது ஒரு பிளைவுட் ஷீட் அளவு, அதற்குள் இரண்டு பேர் படுக்க இடமும் பின்னால் நின்று சமைக்க ஒரு மேடையும் கொண்டுவந்தவன் பெரிய கைக்காரன். நீயும்தான். உன் கையில் என் தொழில் இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன், அவள் பதில் சொல்லவில்லை.

சரி, இப்போது குறை.

கூரையில் அலுமினியத் தகட்டை முழுக்கப் பசை போட்டு ஒட்டியிருக்கிறாயா? ஒட்டியிருந்தால் தப்பு. 8 அடித் தகடு, காலைக் குளிருக்கும் மதிய வெயிலுக்கும் 40 டிகிரி வித்தியாசம் வந்தால் 2 மில்லிமீட்டருக்கு மேல் நீளும், அதற்கு நகர இடம் வேண்டும். ஓரத்தில் பட்டி வைத்துப் பிடித்தால் போதும், நடுவில் மிதக்க விடு, இல்லையென்றால் அப்பளம் மாதிரி உப்பிக்கொள்ளும். ஓரப்பட்டிக்கு அடியில் சிலிக்கான் போடாதே, பியூட்டைல் டேப், அந்த ஒட்டுகிற ரப்பர் பட்டை, அதைப் போடு. சிலிக்கான் விட்டுப்போனால் அதன் மேல் வேறு எதுவும் ஒட்டாது. சமையல் கதவின் கீல்தான் இந்த வண்டிக்கெல்லாம் எமன், தண்ணீர் அந்த வழியாகத்தான் வரும். ஹோஸ் பிடித்து ஒரு மணி நேரம் மேலே தண்ணீர் அடி, இன்னொரு ஆள் உள்ளே டார்ச்சும் சாக்பீஸும் வைத்துக்கொண்டு உட்கார்ந்து கசிகிற இடத்தில் கோடு போடவேண்டும். நாங்கள் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் அப்படித்தான் செய்வோம். அதற்கு இரண்டு ஆள் வேண்டும்.

சோலார் பேனலும் பேட்டரியும் வைத்திருக்கிறாய், சந்தோஷம். ஆனால் பேட்டரியையும் தண்ணீர்க் கேனையும் பின்னால் சமையல் மேடைக்கு அடியில் தள்ளியிருக்கிறாய். வண்டி ஒரு 550 கிலோ இருக்கும் என்று வைத்துக்கொண்டால் 60, 70 கிலோவாவது கார் கொக்கியில் இறங்கவேண்டும், 50க்குக் கீழே போகவே கூடாது. பின்பாரம் ஏறினால் வேகத்தில் வண்டி வாலை ஆட்டும், ஆட்ட ஆரம்பித்தால் கார்தான் அதன் பின்னால் போகும். பேட்டரியை முன்னால் மூக்கில் ஒரு பெட்டி செய்து மாற்று. சங்கிலி இரண்டையும் கொக்கிக்கு அடியில் குறுக்காகப் போட்டிருக்கிறாயா என்று போட்டோவில் தெரியவில்லை, போடு. வீல் நட்டை முதல் 50 மைலில் ஒரு தடவை முடுக்கிப் பார்.

அப்புறம் அந்த டீசல் ஹீட்டர். அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. புகைக்குழாய் தரைக்கு அடியில் போய் வண்டியின் ஓரத்தைத் தாண்டி வெளியே வரவேண்டும், கதவுக்கு நேராகவோ காற்றாடிக்கு நேராகவோ திரும்பக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது, தூங்குகிறவனை அது எழுப்பாது. அலாரம் ஒன்று தலைமாட்டில் மாட்டு. மாட்டிவிட்டுப் பட்டனை அமுக்கிப் பார். மழை பெய்தாலும் ஜன்னலை இரண்டு அங்குலம் திறந்து வை, மேலே காற்றாடி மூடியையும் கொஞ்சம் தூக்கி வை. முழுக்க மூடிவிட்டால் ஒரு ஆள் மூச்சுக்கே விடியும்போது தகடு வியர்த்துச் சொட்டும், அந்த ஈரம் பிளைவுட்டுக்குள் இறங்கினால் இரண்டு வருஷத்தில் உளுத்துவிடும்.

இங்கே அமராவதி ஆற்றில் தண்ணீர் வருகிறது. சித்தப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பக்கத்து இடத்தில் மாடி எடுக்கிறார்கள், ஒரே சத்தம். வேறு விசேஷம் இல்லை. ஜன்னலைத் திறந்து வை.

முதல் வருஷம் ட்ரில்லியம் ஏரியில் எடுத்த போட்டோ இன்னும் பிரிட்ஜ் மேல் ஒட்டியிருக்கிறது. பின்னால் மௌண்ட் ஹூட் மலை வெள்ளையாக நிற்கிறது, மருமகள் சமையல் கதவைத் தூக்கிவிட்டு இரண்டு அடுப்பில் ஒன்றில் தோசை ஊற்றுகிறாள், நீ தட்டோடு நிற்கிறாய். அப்போது உள்ளே 48 அங்குலமும் மெத்தை இருந்தது, இரண்டு தலையணை. அம்மா அதைத்தான் வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறாள். தீபாவளிக்கு மருமகள் பேசுவாள் என்று காத்துக்கொண்டிருந்தாள். நீ மட்டும் பேசினாய், அவள் வேலையாக இருக்கிறாள் என்றாய். ஆயுத பூஜைக்கும் அப்படித்தான் சொன்னாய்.

இப்போதைய போட்டோவில் கதவு அகலத்தை வைத்துக் கணக்குப் போட்டேன். படுக்கைப் பலகை 30 அங்குலம் வரும் போல. மீதி 18 அங்குலத்துக்கு அலமாரி அடித்திருக்கிறாய், நல்ல வேலை, மூலைகளைப் பூட்டு இணைப்பாகச் சேர்த்திருக்கிறாய். மேலே ஒரு கம்பி, அதில் இஸ்திரி போட்ட சட்டை ஐந்து. ஐந்தும் ஆபீஸ் சட்டை. காட்டுக்குப் போகிறவன் இஸ்திரிச் சட்டை கொண்டுபோவானா என்று அக்கா கேட்டாள், நான் அவளை அதட்டினேன். வண்டியை இம்ப்ரூவ் பண்றேன்பா என்று ஆறு மாதமாகச் சொல்கிறாய். ஹீட்டர், அலமாரி, லேப்டாப் வைக்க மடக்குப் பலகை. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டுதான் வருகிறேன்.

நான் எதுவும் கேட்கவில்லை சாமி. கேட்கிற தகுதி எனக்கு இல்லை என்று சொல்லத்தான் இதையெல்லாம் சுற்றிச் சுற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பட்டறைக் கூட்டு உடைந்த வருஷம் உனக்கு ஞாபகம் இருக்கும். நீ ஆறாவது படித்தாய். ஒரு நாள் ராத்திரி அம்மா தூக்குச்சட்டியில் சோறு கொடுத்துவிட, நீ சைக்கிளில் கொண்டுவந்தாய். பட்டறையில் ஆள் இல்லை. பின்னால் கண்ணாடி போடாத பஸ் ஒன்று நின்றது, லைட் எரிந்ததால் ஏறிப் பார்த்தாய். கடைசி சீட்டுச் சட்டத்தில் என் பாயும் தலையணையும், ஜன்னல் கம்பியில் என் சட்டை, டிரைவர் பக்கம் ஷேவிங் செட். நீ அதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கடைசியில் என்னைப் பார்த்தாய். "அப்பாவுக்கு நைட் வேலை, அம்மாட்ட சொல்லாதே" என்று உன் கையில் அஞ்சு ரூபாய் வைத்தேன்.

நைட் வேலை எதுவும் இல்லை. அம்மாவின் வளையலை அடகு வைத்து, அதுவும் மூழ்கிப்போய், அவள் முகத்தைப் பார்க்கமுடியாமல் நாலு மாதம் அந்த பஸ்ஸுக்குள் படுத்திருந்தேன். கூரைத் தகட்டுக்குப் பாதிதான் ரிவிட் அடித்திருந்தது. ஐப்பசி மழையில் ராத்திரி முழுக்க மேலே சொட்டும், பாயைச் சுருட்டிக்கொண்டு டிரைவர் சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் மாறிக்கொண்டே இருப்பேன். ஏணியும் ரிவிட்டும் பக்கத்திலேயே இருந்தது, எழுந்து அடிக்கத் தோன்றவில்லை. உங்கள் தாத்தா வந்து ஒரு வார்த்தை பேசாமல் என் பாயைச் சுருட்டித் தன் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார், நான் பின்னால் போனேன். இல்லையென்றால் எத்தனை நாள் இருந்திருப்பேனோ.

வளையல் போனதற்கு அம்மா ஒரு நாள்தான் அழுதாள். சொல்லாமல் இருந்த நாலு மாதத்துக்கு இன்னும் என்னிடம் கணக்குத் தீரவில்லை.

நீ அன்றைக்கு அம்மாவிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. பையன் கெட்டிக்காரன், வாய் கட்டியவன் என்று அப்போது பெருமைப்பட்டேன். பதினோரு வயசுப் பிள்ளைக்குக் காசு கொடுத்து வாயை மூடப் பழக்கியவன் நான், இப்போது நீ ஏன் பேசமாட்டேன் என்கிறாய் என்று யாரைக் கேட்பேன்? அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும், நேரில் கேட்டிருக்கவேண்டும், உன் கல்யாணத்துக்கு முன்னாலேயே கேட்டிருக்கவேண்டும்.

எனக்கு பாஸ்போர்ட் இருக்கிறது, விசாவும் இன்னும் நாலு வருஷம் செல்லும். ஹோஸ் அடிக்கும்போது உள்ளே டார்ச் பிடிக்க ஆள் வேண்டும் என்றால் சொல். அம்மாவிடம் வண்டி வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொள்வேன். இல்லை, அப்படிச் சொல்லமாட்டேன். நீ என்ன சொல்லச் சொல்கிறாயோ அதைச் சொல்கிறேன்.

உன் ஊர் ஹில்ஸ்பரோவில் இந்த வாரம் முழுக்க மழை என்று போனில் காட்டுகிறது. ஜன்னல் இரண்டு அங்குலம். அலாரம் தலைமாட்டில்.

கடைக்காரர் சனிக்கிழமை வரைக்கும் இரண்டையும் எடுத்து வைத்திருப்பார். சிங்கிளா டபுளா என்று மட்டும் எழுது. எதுவாக இருந்தாலும் சரி.

அப்பா