நம் ஊர்ச் சந்தை குறித்து நண்பனுக்கு ஒரு கடிதம்

கல்குளம் வட்டம்,
கன்னியாகுமரி மாவட்டம்.

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மைனிக்குக் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. நாங்கள் நலமே. ஊரில் இப்போது வேறு பேச்சே இல்லாததால், சந்தையைப் பற்றி நீ கேட்டவற்றுக்கு நேராக வந்துவிடுகிறேன்.

பழைய கொட்டகைகளை அகற்றிவிட்டு, அதே இடத்தில் மேல்தளத்துடன் கூடிய வணிக வளாகம் ஒன்றைக் கட்டப் பேரூராட்சி விரும்புகிறது. ஓடு ஒழுகுகிறது, வடிகால் இல்லை, ஆனி ஆடி மழையில் மீன் விற்கும் பக்கம் கால் வைக்க முடியவில்லை. ஆகவே புதிய கட்டடம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பு ஏதுமில்லை. ஆனால் வரைபடத்தைப் பார்த்தபோது, அதில் கடைகளின் எண்ணிக்கையும் எதிர்பார்க்கும் வாடகையும் இருந்தனவே தவிர, இன்று அங்கே அமர்ந்து விற்பவர்கள் யார், அவர்கள் எங்கே போவார்கள் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. அதனால் வணிகர்களும் குடியிருப்போரும் சேர்ந்து ஒரு குழு அமைத்து, மன்றம் கூடுமுன் எங்கள் தரப்புத் திட்டத்தை எழுதிக் கொடுக்க முடிவு செய்திருக்கிறோம். எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. வங்கியில் கடன் பிரிவிலேயே காலம் கழித்த நீ பார்த்துத் திருத்தினால்தான் அது நாலு பேர் முன்னால் நிற்கும்.

நம் ஊரில் பணத்துக்குப் பஞ்சமில்லை என்பது உனக்கே தெரியும். வளைகுடாவிலிருந்து வருவது, ரப்பர் பாலில் வருவது, ஆசிரியர் ஓய்வூதியமாக வருவது என்று எத்தனையோ வழிகளில் பணம் வருகிறது. வந்த பணம் துணியாகவும் நகையாகவும் மார்த்தாண்டத்துக்கும் நாகர்கோவிலுக்கும் பேருந்து ஏறிப் போய்விடுகிறது. அந்த வியாபாரத்தை மீட்க நினைப்பது வீண் என்பது என் கணிப்பு. அங்குள்ள பெரிய கடைகளோடு நம் ஊர்த் துணிக்கடைக்காரர் மல்லுக்கு நிற்க முடியாது. நம்மிடம் மிஞ்சியிருப்பது அன்றாடம் வாங்கும் பொருள்தான். குளச்சலிலிருந்தும் முட்டத்திலிருந்தும் பெண்கள் கொண்டுவரும் மீன், பக்கத்துத் தோட்டங்களின் ஏத்தன் வாழைக்குலை, மரச்சீனிக் கிழங்கு, கருப்பட்டி, காய்கறி ஆகியவற்றுக்காகத்தான் சுற்று வட்டாரத்தார் இன்றும் நம் ஊருக்கு வருகிறார்கள். வந்தவர்கள் போகிற வழியில் தையல்காரரிடமும் மருந்துக்கடையிலும் தேநீர்க் கடையிலும் செலவழிக்கிறார்கள். ஆகவே சந்தைக்காரர்களைக் காப்பது இரக்கத்தால் செய்யும் காரியமன்று. அவர்கள் கலைந்தால் கடைத்தெரு முழுவதும் ஆட்டம் காணும்.

வளாகம் கட்டி முடிந்ததும் கடைகள் ஏலத்துக்கு வரும். கிலோவுக்கு ஐந்தும் பத்தும் லாபம் வைத்து விற்பவர், கைப்பேசிக் கடைக்காரரோடு ஏலத்தில் போட்டியிட முடியாது. கீழ்த்தளம் அவர்களிடம் போகும். மேல்தளம் பூட்டிக் கிடக்கும், ஏனென்றால் அரைக் கிலோ சாளை மீனுக்காக யாரும் மாடிப்படி ஏற மாட்டார்கள். ஆகவே கீழ்த்தளம் முழுவதையும் கெட்டுப்போகும் பொருள்களுக்கு ஒதுக்க வேண்டும் என்றும், அதற்குச் சதுர அடி ஏலம் இல்லாமல் நிலையான நாள் வாடகை இருக்க வேண்டும் என்றும் கேட்கப் போகிறோம். பேரூராட்சிக்கு வருமான இழப்பு என்பார்கள். மேல்தளத்தை வங்கிக்கோ அலுவலகத்துக்கோ கொடுத்து அதை ஓரளவு ஈடுகட்டலாம். இந்தக் கணக்கைத்தான் நீ போட்டுத் தர வேண்டும்.

சட்டம் பற்றிக் கேட்டிருந்தாய். 2014-ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டம் நாம் நினைத்ததைவிட வலுவானது. ஒவ்வோர் உள்ளாட்சிக்கும் ஒரு நகர விற்பனைக் குழு வேண்டும் என்றும், அதில் குறைந்தது 40 விழுக்காட்டினர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகளாக இருக்க வேண்டும் என்றும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. 5 ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது வியாபாரிகளின் கணக்கெடுப்பு நடத்த வேண்டும். அது முடிந்து சான்றிதழ் வழங்கப்படும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. அதைவிட முக்கியமாக, 50 ஆண்டுகளுக்கு மேலாக வியாபாரம் நடந்துவரும் இயல்பான சந்தைகளைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும், அங்கிருப்பவர்களை இடம் மாற்றக் கூடாது என்று இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. கொட்டகைக்குள் உரிமக் கடை நடத்துபவர்களுக்கு இது பொருந்தாது என்று வாதிடலாம். சுற்றுச்சுவரை ஒட்டித் தரையில் சாக்கு விரித்து விற்கும் பெண்களுக்கு நிச்சயம் பொருந்தும். நம் ஊரில் அப்படி ஒரு கணக்கெடுப்பு நடந்ததாக எந்த வியாபாரியும் சொல்லவில்லை. ஆகவே எங்கள் முதல் கோரிக்கை அதுதான்.

கணக்கெடுப்பில் பெயர் ஏறுவதற்கு இன்னொரு பயனும் உண்டு. மீன் விற்கும் பெண்களில் பலர் காலையில் கடன் வாங்கி மாலையில் வட்டியோடு திருப்பிக் கொடுக்கிறார்கள். சாலையோர வியாபாரிகளுக்குக் கடன் தர 2020-இல் வந்த பிரதமர் ஸ்வநிதி திட்டத்தில், தொடக்கத்தில் முதல் தவணையாக 10,000 ரூபாய் பிணையின்றிக் கிடைத்தது. தொகை சிறிதுதான். ஆனால் நாள் வட்டிக்காரரிடமிருந்து ஒருத்தி விடுபட அது போதுமானது. அதற்கு உள்ளாட்சியின் அடையாளச் சான்றோ பரிந்துரைக் கடிதமோ வேண்டும்.

கட்டும் காலத்தைப் பற்றி யாருமே யோசிக்கவில்லை. வாடிக்கையாளர் ஓராண்டு வேறிடத்தில் மீன் வாங்கிப் பழகிவிட்டால் திரும்ப வருவது அரிது. ஆகவே பாதிப் பாதியாக இடித்துக் கட்டச் சொல்கிறோம்; ஒப்பந்ததாரருக்கு அது பிடிக்காது.

இனி நீ ஒப்புக்கொள்ளாத விஷயம். வெளியூர்ப் பல்பொருள் அங்காடிகளுக்கு இடமில்லை என்று தீர்மானம் போடச் சொல்கிறாய். இந்தியக் குடிமகன் எந்த ஊரிலும் தொழில் செய்யும் உரிமையை அரசமைப்பின் 19-ஆம் பிரிவு தருகிறது. அப்படி ஒரு தீர்மானம் முதல் வழக்கிலேயே விழுந்துவிடும். மேலும், மக்கள் அங்கே போவதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. விலை எழுதி வைத்திருக்கிறார்கள், எடை சரியாக இருக்கிறது. நம் சந்தையில் தராசைத் தட்டி நிறுத்தும் கைகள் சில உண்டு என்பதை நாமிருவருமே அறிவோம். வாசலில் முத்திரையிட்ட பொதுத் தராசு ஒன்றை வைத்து, வாங்கியதை யார் வேண்டுமானாலும் நிறுத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று அறிவித்தால், எந்தத் தீர்மானத்தையும் விட அது அதிகம் சாதிக்கும் என்று நான் நினைக்கிறேன். வியாபாரிகளில் சிலருக்கு இந்த யோசனை கசக்கிறது.

சந்தைக்கு வெளியே செய்ய வேண்டியதும் இருக்கிறது. இங்கிலாந்தில் பிரெஸ்டன் என்ற நகரம், பெரும் வணிக வளாகத் திட்டம் ஒன்றை நம்பிப் பல ஆண்டுகள் காத்திருந்தது. 2011-இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அதன்பின் நகர மன்றம், அங்குள்ள பெரிய பொது நிறுவனங்கள் பொருளும் சேவையும் வாங்கும் பணம் எங்கே போகிறது என்று கணக்குப் பார்த்தது. 2012-13-இல் நகருக்குள்ளே செலவானது 5 விழுக்காடுதான். கொள்முதல் முறையை மாற்றியபின் 2016-17-இல் அது 18 விழுக்காட்டைத் தாண்டியது. நம் அரசு அலுவலகங்களின் கொள்முதலை 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளிச் சட்டம் கட்டுப்படுத்துகிறது என்பதால் அவர்கள் வழியை அப்படியே பின்பற்ற இயலாது. ஆனால் நம் மாவட்டத்தில் விடுதியோடு கூடிய தனியார் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் எத்தனை! அவர்களின் சமையலறைக்கு வாழைக்காயும் கிழங்கும் தேங்காயும் எங்கிருந்து வருகின்றன என்று கேட்டுப் பார்க்க எந்தச் சட்டமும் தடையில்லை. அவர்கள் கேட்பது ஒரே தரம், ஒரே நேரம், ரசீது. தனித்தனி விவசாயியால் அதைக் கொடுக்க முடியாது.

பலரும் சேர்ந்து தரம் பிரித்து விற்பது நம் மண்ணுக்குப் புதிதும் அல்ல. 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையத்தை நடத்திய அமெரிக்கரான ஸ்பென்சர் ஹாட்ச், வீட்டுக்கு வீடு கிடைக்கும் முட்டைகளைச் சேர்த்துத் தரம் பிரித்து வெளியூர்களுக்கு அனுப்பக் கூட்டுறவு அமைத்தார். தேனீ வளர்ப்பும் அவர் காலத்தில்தான் பரவியது. அந்த வழியில் 1937-இல் வந்த தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கமும் உனக்குத் தெரிந்ததே. நம் மாவட்டத்து மட்டி வாழைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, ஆனால் நம் சந்தையில் மட்டிக் குலைக்கு அதனால் ஒரு ரூபாய் கூடியதாக யாரும் சொல்லவில்லை. தரம் பிரித்துச் சேர்த்து அனுப்ப ஓர் இடம் வேண்டும். வளாகத்தின் பின்பக்கம் அதற்கு ஓர் அறை கேட்டிருக்கிறோம்.

நிறுவனங்கள் பணத்தை இழுத்தடித்தால் என்ன செய்வது என்ற உன் கவலை சரியானது. 2006-ஆம் ஆண்டின் சிறு, குறுந் தொழில் சட்டப்படி 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்றாலும், அது பதிவு செய்த உற்பத்தியாளருக்கும் சேவை தருவோருக்கும்தான். ஏத்தங்காய் வறுத்து விற்கும் மகளிர் குழுவுக்குக் கிடைக்கும், காயை வாங்கி விற்பவருக்குக் கிடைக்காது. இடைக்காலத்தை எப்படித் தாண்டுவது, கூட்டுறவு வங்கி மூலம் சுழல்நிதி ஏதும் சாத்தியமா என்பதை எழுது.

வரைவை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். குத்தகை நிபந்தனைகள் உள்ள பக்கத்தை முதலில் பார். சந்தையில் சுங்கம் வசூலிக்கும் உரிமையைக் குத்தகைக்கு எடுத்தவர் கட்டணப் பலகை வைக்க வேண்டும், ரசீது தர வேண்டும், மீறினால் குத்தகை ரத்து என்று எழுதியிருக்கிறேன். மொழி போதுமான அளவு இறுக்கமாக இல்லை என்று எனக்கே தோன்றுகிறது. குழு அடுத்த மாத முதல் ஞாயிற்றுக்கிழமை கூடுகிறது. அதற்குள் உன் திருத்தங்கள் வந்துவிட்டால் நல்லது. மைனியின் கண் அனுமதித்தால் நீயே நேரில் வந்து பேசினால் இன்னும் நல்லது, ஏனெனில் வாடகைக் கணக்கை நான் சொல்வதைவிட நீ சொன்னால் மன்றத்தார் கேட்பார்கள்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்